வளைத்தாரா, உடைத்தாரா

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பாலம். அதைக் கட்டாமலேயே கட்டி முடித்ததாகக் காட்டிவிட்டு, ஒரு பொறியாளர் முழுசாக ஏப்பம் விட்டுவிட்டார். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பாலம் சாப்பிடாத பொறியாளரைக் கண்டால்தான் நாம் வீட்டுக்குக் கூப்பிட்டு மரியாதை செய்ய வேண்டும். ஆனால் அந்த விவகாரத்தை விசாரித்த அதிகாரி கொஞ்சம் அவசரக்காரர். பாலத்துக்கு உதவி செய்த வெளிநாட்டுக் குழுவுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போது, "எங்கள் பொறியாளர் ஒரு பாலத்தை விழுங்கிவிட்டார்" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதி அனுப்பிவிட்டார். அதைப் படித்த வெளிநாட்டுக்காரர்கள் பதறிப்போய், நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், இரும்புக் கம்பிகளை வெளியே எடுத்தாயிற்றா என்று கேட்டுப் பதில் போட்டார்கள்.

உடனே மந்திரிசபை கூடியது. பாலம் போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மானம் போனதைப் பற்றியே மதியம் வரை பேசினார்கள். தப்பு நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம், தப்பைத் தப்பாகச் சொன்னால் உலகம் சிரிக்குமே என்று ஒரு மூத்த மந்திரி கண்கலங்கினார். கடைசியில் தீர்மானம் போட்டார்கள். இனிமேல் நாட்டில் சட்டத்துக்குப் புறம்பாக என்ன நடந்தாலும், அதைச் சொல்வதற்குரிய ஆங்கில மரபுத்தொடர் எது என்று முதலில் முடிவாக வேண்டும். தொடர் சரியாக அமையும்வரை எந்த இலாகாவும் எதன் மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. இப்படிப் பிறந்ததுதான் சட்டமீறல் சொல்லாட்சி வாரியம். அதற்கு ஏழு மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். அந்தக் கட்டடத்தையும் யாரோ கொஞ்சம் கடித்திருக்கிறார்கள் என்று கேள்வி. அதற்கு இன்னும் தொடர் கிடைக்கவில்லை.

போட்டோக்காரருக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியாது. தெருவில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களின் மோவாயைப் பிடித்து நேராக்கி, காலரைச் சரிசெய்து, சிரிக்காமல் இருக்கச் சொல்வது அவர் தொழில். நடு அறையில் அவரும் மனைவியும். பின்னறையில் அண்ணன். அண்ணன் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. கட்டிலில் கிடந்தபடியே வீட்டையும் தெருவையும் உலகத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் காலிமனையை ஒரு பில்டர் வாங்கினார். பத்து மாடிக் குடியிருப்பு, அதற்கடியில் கார் நிறுத்த இரண்டு நிலவறை. மஞ்சள் நிறப் பொக்லைன் ஒன்று வந்து இறங்கித் தோண்ட ஆரம்பித்தது. எல்லைச் சுவரிலிருந்து தள்ளித்தான் தோண்ட வேண்டும் என்பது விதி. பில்டர் விதியைத் தள்ளிவிட்டுத் தோண்டினார். சில நாட்களிலேயே போட்டோக்காரர் வீட்டுச் சுவரின் அஸ்திவாரக் கல் வெளியே தெரிந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் அண்ணன்தான்.

"டேய் தம்பி, கட்டில் ஆடுதுடா. ஒடம்புல பாதிதான் எனக்கு வேலை செய்யுது. ஆனா ஆட்டம் மட்டும் முழுசா வருது."

போட்டோக்காரர் போய்ப் பார்த்தார். ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் தலைமுடி கனத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அதில் நகம் நுழைந்தது. அதற்கடுத்த நாள் விரல். பயந்துபோய் நாலு கட்டைகளை வாங்கி வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு பில்டரைத் தேடிப் போனார். பில்டர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் இருக்கேன்ல? தைரியமாப் போங்க."

தைரியமாக வந்தார். விரிசலில் இப்போது வெளிச்சம் தெரிந்தது.

நகராட்சிக் கட்டடப் பிரிவு இன்ஜினியர் நேரில் வந்து குழியை எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் இரண்டடி பின்னால் வந்துவிட்டார்.

"ஐயையோ, இது ரொம்பத் தப்பாச்சே!"

போட்டோக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நிறுத்தச் சொல்லிடுங்க சார்."

"தப்புன்னு நம்ம பாஷைல சொல்லிட்டேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான். நிறுத்தணும்னா அது என்ன தப்புன்னு வாரியத்துலேருந்து இங்கிலீஷ்ல வரணும்."

போட்டோக்காரர் தான் எடுத்த படங்களையெல்லாம் ஒரு உறையில் போட்டுக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினார். குழியின் படம், சுவரின் படம், அஸ்திவாரத்தை உரசிக்கொண்டு நிற்கும் பொக்லைனின் படம். தொழில்காரர் அல்லவா, ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் தெளிவாக இருந்தது. இதைப் பார்த்தும் யாராவது இல்லை என்பார்களா என்று அவர் நினைத்தார். பாவம், அவர் அதுவரை அரசாங்க அலுவலகங்களுக்குப் படம்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார், படம் காட்டியதில்லை.

வாரியத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"என்ன பண்ணாரு?" என்றார் ஜன்னல் அம்மாள்.

"எங்க செவுத்துக்கடியில மண்ணைத் தோண்டுறாரு மேடம்."

"அது செயல். செயலெல்லாம் இங்க எடுக்கிறதில்ல. தொடர் சொல்லுங்க."

"தொடர்ந்துதான் மேடம் தோண்டுறாரு."

ஜன்னல் அம்மாள் பெருமூச்சு விட்டார். அவரும் நாள் முழுக்க எத்தனை பேருக்குத்தான் விளக்குவார்! போட்டோக்காரர் உறையைப் பிரித்துப் படங்களை உள்ளே நீட்டினார்.

"கையும் களவுமா எடுத்திருக்கேன் மேடம். பாருங்க."

"இதுக்கு இங்கிலீஷ்ல 'ரெட் ஹேண்டட்'னு அருமையான தொடர் இருக்கு," என்று அவர் ஆர்வமாகப் படங்களை வாங்கிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "கை எங்க? எல்லாத்துலயும் மிஷின்தானே தெரியுது? கையில்லாம 'ரெட் ஹேண்டட்' குடுத்தா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க."

"மிஷினை ஓட்டுறவர் கை உள்ள இருக்கு மேடம்."

"உள்ள இருக்கறதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு வளைச்சாரா, ஒடைச்சாரா?"

"எதை?"

"விதியை. வளைச்சிருந்தா 'பெண்ட் தி ரூல்ஸ்', மூணாவது மாடி. ஒடைச்சிருந்தா 'பிரேக் தி லா', நிலவறை. இது தெரியாம நான் டோக்கன் போட முடியாது."

போட்டோக்காரர் யோசித்தார். வளைப்பதைவிட உடைப்பது பெரிய குற்றமாகத் தோன்றியது. ஆனால் ஒரு மனிதர் மேல் பெரிய பழியாகப் போடுவானேன், சின்னதாகவே போடுவோம் என்று மூன்றாவது மாடிக்குப் போனார். நல்லவர்களுக்கு இப்படித்தான் புத்தி வேலை செய்யும்.

வளைத்தல் பிரிவில் காலடியில் கம்பளம். குளிர்சாதனம் ஓடும் சத்தம்கூட மரியாதையாகக் கேட்டது. காத்திருப்பவர்கள் என்று யாருமில்லை. சோபாக்கள் மட்டும் காத்திருந்தன. வளைத்தல் அதிகாரி பில்டரின் பெயரைக் கேட்டதுமே முகம் மலர்ந்தார்.

"அவரா? நல்லாத் தெரியுமே. நீங்க சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. அவரெல்லாம் ஒடைக்கவே மாட்டாரு. வளைப்பாரு."

"எப்படி சார் சொல்றீங்க? நீங்க குழியைப் பாக்கவே இல்லையே?"

"குழியை எதுக்குப் பாக்கணும்? ஆளைப் பாத்தாப் போதாதா? இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கேளுங்க. நம்ம பாஷை இருக்கே, அது கொஞ்சம் முரட்டுத்தனம். திருடன்னா திருடன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடும். இங்கிலீஷ் அப்படியில்ல. மனுஷனோட தராதரம் பாத்துப் பேசும். பெரிய மனுஷன் விதியை வளைப்பாரு. சின்னவன் சட்டத்தை ஒடைப்பான். காரியம் ஒண்ணுதான். ஆனா மாத்திச் சொல்லிப் பாருங்க, காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கும்."

"சரி சார். வளைச்சவருக்கு என்ன தண்டனை?"

அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். "தண்டனைன்னெல்லாம் பேசாதீங்க. வளைஞ்சது ஒரு நாள் தானா நிமிரும்னு நாங்க நம்பிக்கையோட காத்துக்கிட்டு இருப்போம்."

போட்டோக்காரர் நிலவறைக்கு ஓடினார். உடைத்தல் பிரிவில் கம்பளமும் இல்லை, காற்றும் இல்லை. பெஞ்சுகளில் கூட்டம் நெரித்தது. நடைபாதையில் பொம்மை பரப்பி விற்ற ஒரு பெண், ஒருவழிப் பாதையில் எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர், விளக்குக் கம்பத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்ட ஒரு கிழவர். உடைத்தல் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிரேக் தி லா. அடுத்து. பிரேக் தி லா. அடுத்து." முத்திரை விழும் சத்தம் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. பொம்மைக்காரியின் பொம்மைகள் பறிமுதலாகி, அவள் அழுது முடிப்பதற்குள் சைக்கிளும் பறிமுதலாகிவிட்டது.

போட்டோக்காரருக்கு அவர்களைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. அதே சமயம், வேலை இவ்வளவு சுறுசுறுப்பாக நடக்கும் இடம் இது, இங்கேயே முதலில் வந்திருக்கலாமே என்றும் இருந்தது. அப்படித் தோன்றியதற்காகப் பிறகு வெட்கப்பட்டார்.

"குற்றவாளி எங்க?" என்றார் உடைத்தல் அதிகாரி.

"அவரு பில்டர் சார். அவரு ஆபீஸ்ல இருப்பாரு."

நிலவறையில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏங்க, கூப்பிட்டா வர்றவங்க மேலதான் எங்க தொடர் செல்லுபடியாகும். கூப்பிட்டா நம்மளை வரச் சொல்றவங்கள்லாம் மூணாவது மாடி. போங்க, போங்க."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். போட்டோக்காரர் ஒரு வாரம் மூன்றாவது மாடிக்கும் நிலவறைக்கும் நடுவே இடிபட்டார். கடைசியில் ஜன்னல் அம்மாளே மனமிரங்கி, அவர் விவகாரத்தை 'ஐயத்துக்குரியது' என்ற வகையில் சேர்த்தார். இரண்டு அதிகாரிகளும் நேரில் வந்து பார்வையிடுவார்கள். பிறகு வியாழக்கிழமை வாரியம் கூடித் தொடரை முடிவு செய்யும். அதோடு ஒரு நிபந்தனையும் சொன்னார்.

"முடிவாகுற வரைக்கும் உங்க எடத்துல ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. நிலைமை மாறிடுச்சுன்னா புகார் செத்துடும். அதே விஷயத்துக்கு மறுபடியும் புகார் குடுக்க முடியாது."

"எங்க அண்ணன் அந்தச் செவுத்தோரமா படுத்திருக்காரு மேடம். கட்டிலை மட்டும் முன்னறைக்கு மாத்திக்கிறேனே?"

"துரும்பே கூடாதுங்கறேன். கட்டில் துரும்பைவிடச் சின்னதா?"

"அப்ப பில்டரும் எதையும் அசைக்கக் கூடாது இல்லையா? தோண்டுறதை நிறுத்திடுவாரா?"

ஜன்னல் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரோட நிலைமை என்ன? தோண்டிக்கிட்டிருக்காரு. அந்த நிலைமை அப்படியே இருக்கணும். நிறுத்தினாருன்னா அவர்தான் நிபந்தனையை மீறினவரு ஆவாரு."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"துரும்பாவது மண்ணாங்கட்டியாவது! நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். மாமாவை முன்னாடி கொண்டு போயிடலாம்."

"வேணாம்மா," என்றார் அண்ணன். "புகார் செத்துடும்னு சொல்றாங்கல்ல? இந்த வீடு போச்சுன்னா அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க? வியாழக்கிழமை வரைக்கும்தானே. லாரியில பிரேக் இல்லாம மலையிறங்கினவன் நான். இது என்ன, படுத்துக்கிட்டே இறங்குறது."

போட்டோக்காரர் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தபடி நின்றார். தூக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தால் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று யாரோ எப்போதோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாரென்று இப்போது தெரிந்தால் நானே போய் நாலு வார்த்தை கேட்பேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். முதலில் குழிக்கு அந்தப் பக்கம் போய்ப் பில்டரின் கொட்டகையில் தேநீர் குடித்தார்கள். கட்டப்போகும் குடியிருப்பின் பொம்மை மாதிரியை ரசித்து, எந்த மாடியில் காற்று நன்றாக வரும் என்று விசாரித்தார்கள். பிறகு இந்தப் பக்கம் வந்து, பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, முகம் சுளித்தார்கள்.

"இது என்ன கட்டை?" என்றார் வளைத்தல் அதிகாரி.

"முட்டு சார். செவுரு விழாம இருக்கறதுக்கு. புகார் குடுக்கறதுக்கு முன்னாடியே வச்சது."

"இதை வச்சுக்கிட்டிருந்தா செவுரு தன்னோட இயல்பை எப்படிக் காட்டும்? நோயாளிக்குச் சட்டையைப் போட்டுவிட்டு டாக்டர்கிட்ட காட்டுவீங்களா? எடுங்க, எடுங்க."

இரண்டு சிப்பந்திகள் கட்டைகளை எடுத்தார்கள். சுவர் ஒரு முறை முனகியது. மேலிருந்து மண் உதிர்ந்து அண்ணனின் போர்வையில் விழுந்தது. அதிகாரிகள் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றை மேலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார்கள்.

"பாருங்க, வளைஞ்சிருக்கு," என்றார் வளைத்தல் அதிகாரி வெற்றிக் களிப்புடன். "ஒடையல. அப்ப இது என் பிரிவு."

"விரிசல் இருக்கே? விரிசல்ங்கறது ஒடைசலுக்குத் தம்பி," என்றார் உடைத்தல் அதிகாரி.

இப்படிச் சண்டை வலுத்து, கடைசியில் சாட்சியைக் கேட்பது என்று முடிவானது. இருவரும் கட்டிலருகே குனிந்தார்கள்.

"பெரியவரே, உங்க அனுபவத்துல இது வளையிற மாதிரி இருக்கா, ஒடையிற மாதிரி இருக்கா?"

"எனக்கு ஒரு பக்கம் உணர்ச்சி கிடையாது சார். சரியாச் சொல்லத் தெரியல," என்றார் அண்ணன். "ஒண்ணு பண்ணுங்க. பக்கத்துல கொஞ்சம் எடம் இருக்கு. ரெண்டு பேரும் இன்னிக்கு ஒரு நாள் இப்படிப் படுத்துப் பாருங்க."

சாட்சி ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரிகள் கிளம்பினார்கள். கட்டைகளை மறுபடியும் வைக்கலாமா என்று போட்டோக்காரர் பின்னாலேயே ஓடிக் கேட்டார். கட்டையில்லாத நிலைமையைத்தான் தாங்கள் பார்வையிட்டதாகவும், அதனால் அதுதான் இப்போது நிலைமை என்றும், அதை மாற்றக் கூடாது என்றும் அவர்கள் சொல்லிவிட்டார்கள். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம். இங்கே குழி ஏற்கெனவே தயாராக இருந்தது.

அன்று முழுக்க மனைவி அவரோடு பேசவில்லை. அண்ணன்தான் பேசினார். வியாழக்கிழமை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ, உன் படத்தை நீயே எடுத்துக்கொள்ள முடியாததால் நீ எப்படி இருக்கிறாய் என்று உனக்குத் தெரிவதில்லை என்று கேலி செய்தார்.

வியாழக்கிழமை வாரியம் கூடியது. ஏழாவது மாடி மண்டபம். தலைவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே! சட்டத்தை மீறுவது ஒரு கலையல்ல. எந்த முட்டாளும் மீறலாம். ஆனால் மீறியதைப் பிழையில்லாமல் சொல்வதற்கு நாகரிகம் வேண்டும். இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை நாம் ஒரே ஒரு சட்டமீறலைக்கூடத் தடுத்ததில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். தடுத்திருந்தால், வர்ணிப்பதற்கு நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? சென்ற ஆண்டு நம்மைப் பார்வையிட வந்த வெளிநாட்டு அறிஞர்கள், இவ்வளவு குற்றங்களை இவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் தாங்கள் எங்குமே கண்டதில்லை என்று பாராட்டினார்கள்."

கைதட்டல் அடங்கியதும் விவாதம் தொடங்கியது. வளைத்தல் அதிகாரி தூக்குக்குண்டின் கோணத்தை விளக்கினார். உடைத்தல் அதிகாரி விரிசலின் அகலத்தை விளக்கினார். ஒரு உறுப்பினர் விழித்துக்கொண்டு, மூலையை வெட்டுவது, 'கட்டிங் கார்னர்ஸ்' என்று ஒரு தொடர் உண்டே, அதைப் போடலாமே என்றார். குழி பக்கவாட்டில்தான் இருக்கிறது, மூலையில் இல்லை என்று வரைபடம் காட்டி அவரை மறுபடியும் தூங்க வைத்தார்கள். தேநீர் வந்தது. பிஸ்கட் நமுத்திருந்ததைக் குறித்து ஒரு தனி விவாதம் நடந்தது. போட்டோக்காரர் நல்ல சட்டையில், கடைசி வரிசையில், எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"புகார்தாரரையே கேட்போமே," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "எந்திரிங்க. பயப்படாதீங்க. உங்க மனசுல என்ன தொடர் தோணுது?"

போட்டோக்காரர் எழுந்தார். வாரியம் முழுக்க அவரைப் பார்த்தது.

"சார், எங்க அண்ணன் அந்தச் செவுத்துக்குப் பக்கத்துல படுத்திருக்காரு. அவரால எந்திரிக்க முடியாது. முட்டுக் கட்டையையும் எடுத்துட்டாங்க. யாராவது இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க சார். அப்புறமா நீங்க எந்தத் தொடர் வேணும்னாலும் போட்டுக்கோங்க."

"அது வாக்கியம்," என்றார் தலைவர். "நான் தொடர் கேட்டேன்."

அப்போதுதான் அவருடைய சட்டைப்பையில் செல்போன் அடித்தது. தலைவரின் முகம் சுருங்கியது. போட்டோக்காரர் எடுத்தார். மறுமுனையில் மனைவி. பின்னால் நிறையப் பேர் கத்தும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரே ஒரு தடவை, "ஏங்க..." என்றாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அவர் ஓடினார். "எங்க போறீங்க? ஓட்டெடுப்பு பாக்கி இருக்கு!" என்று உடைத்தல் அதிகாரி பின்னாலிருந்து கூப்பிட்டது படிக்கட்டு வரை கேட்டது.

வீட்டுக்குப் பின்பாதியைக் காணோம். முன்னறையில் ஸ்டூடியோவின் நீலத் திரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வானம் தெரிந்தது. பில்டர் வரவில்லை. குழி தோண்ட வந்த கூலியாட்கள்தான் வெறுங்கையால் செங்கல்லை அள்ளி அள்ளிப் போட்டு அண்ணனை வெளியே எடுத்திருந்தார்கள். பொக்லைன் ஓட்டுபவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். போட்டோக்காரர் அண்ணன் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "தூக்கியிருக்கலாங்க. அன்னிக்கே தூக்கியிருக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சொல்லோடுதான் அவர் இனி எத்தனை காலமோ இருந்தாக வேண்டும்.

காரியங்கள் முடிந்த பிறகு வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. போனார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் செத்த பிறகாவது தொடர் கிடைத்திருக்கும், கிடைத்தால் நிறுத்துவார்கள், மிச்சமிருக்கும் முன்னறையாவது நிற்கும் என்று மனம் கணக்குப் போட்டது. முன்னறை போனால் தொழிலும் போனது, குடியிருக்கும் இடமும் போனது.

மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். பிறகு தலைவர் கனிவோடு பேசினார்.

"உங்க இழப்புக்கு வருந்துறோம். அதே நேரத்துல உங்களுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கு. வாரியத்தோட வரலாற்றுலயே முதல்தடவையா ஒரு தொடர் ஏகமனதாக அமைஞ்சிருக்கு. வளைத்தலும் ஏத்துக்கிச்சு, ஒடைத்தலும் ஏத்துக்கிச்சு. பில்டர் தரப்புலயும் ஆட்சேபணை இல்ல. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உறுதிப்படுத்தணும். செவுரு விழுந்த அன்னிக்குக் காலைல மழை பெஞ்சுதா?"

"நாலு தூறல் போட்டுது சார். தரைகூட நனையல."

"அது போதும்." தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, சுவைத்துச் சொன்னார். "ஆக்ட் ஆஃப் காட்."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். மூன்றாவது மாடியும் நிலவறையும் ஒன்றையொன்று கட்டித் தழுவிக்கொண்டன. போட்டோக்காரர் பக்கத்தில் நின்ற ஜன்னல் அம்மாளிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, கடவுள் செய்த செயல், மனிதர் யார்மேலும் பழியில்லை என்று சொன்னார்.

"கடவுளா சார் தோண்டுனாரு?" என்றார் போட்டோக்காரர்.

கைதட்டல் நின்றது. தலைவர் முதல்முறையாக அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"அப்படி ஒரு சொத்தைக் கேள்வியை இங்க யாரும் கேட்டதில்ல. உங்களுக்குப் புகார் இருந்தா, கடவுள் மேல குடுக்க எங்ககிட்ட பிரிவு கிடையாது. தொடர் சரியா இருக்கா இல்லையாங்கறதுதான் எங்க கவலை. சரியா இருக்கு. போயிட்டு வாங்க."

வீட்டுக்கு, அதாவது முன்னறைக்குத் திரும்பினார். மனைவி நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சாமி பண்ணதாம்."

அவள் எழுந்து போய், துணிகளை ஒரு பையில் அடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு, கடவுள் பொக்லைனில் ஏறி உட்கார்ந்தார். குறுக்கே சுவர் இல்லாததால் வேலை சுறுசுறுப்பாக நடந்தது.